எட்டு எம்.பி. மாமா!

எட்டு எம்.பி. என்றதும் எந்தக் கட்சி, எந்தக் கூட்டணி என்று கேட்டுவிடாதீர்கள். இது டெல்லிக்குப் போகிற எம்.பி. இல்லை. என் மாமா வீட்டுப் பீரோ லாக்கரில், பனிமய மாதா படத்துக்கும் மாமாவின் சி.டி.சி. புத்தகத்துக்கும் (கப்பல்காரர்களுக்கு அதுதான் ஜாதகம்) நடுவில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பத்து வருஷத்துக்கும் மேலாகத் தூங்கிக்கொண்டிருந்த மெமரி கார்டு. கொள்ளளவு எட்டு மெகாபைட். இன்றைக்குக் காலையில் உங்கள் செல்போனுக்கு வந்த குட்மார்னிங் வீடியோ கூட அதற்குள் முழுசாக அடங்காது.

ஆனால் என் மாமா அடங்கியிருந்தார்.

மாமா கப்பலில் ஆயிலர். எஞ்சின் ரூம் வேலை. பத்து மாசம் கடல், ரெண்டு மாசம் வீடு. அந்த ரெண்டு மாசமும் திரேஸ்புரம் பக்கம் எங்கள் தெரு களைகட்டும். 2004-இல் துபாயிலிருந்து வந்தபோது பேரீச்சம்பழம், சென்ட் பாட்டில், டேங் பவுடர் வகையறாக்களோடு ஒரு கறுப்புப் பெட்டியும் வந்தது. ப்ளேஸ்டேஷன் 2. தெருவில் பாதிப் பேர் அதை டிவிடி ப்ளேயர் என்று நினைத்து எம்.ஜி.ஆர். படத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். அதில் படமும் ஓடும் என்பதால் மாமாவின் மானம் கப்பலேறவில்லை.

கூடவே ஒரே ஒரு ஒரிஜினல் டிஸ்க். 'ஸ்மாக்டவுன்: ஹியர் கம்ஸ் த பெயின்'. 2003-இல் வந்த மல்யுத்த ஆட்டம். அதில் ஒரு விசேஷம், நாமே ஒரு பயில்வானை உருவாக்கலாம். மூக்கு, முழி, தலைமுடி, மீசை, உடம்புவாகு எல்லாம் நம் இஷ்டம். 2006 லீவில் மாமா ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தன்னையே செய்தார். பெயர் 'கப்பல் ராஜா'. பக்கத்தில் தன் ஐந்து வயசுப் பையனை, பெரியவனானால் எப்படி இருப்பானோ அப்படி ஒரு உருவமாகச் செய்து 'குட்டி ராஜா' என்று பெயர் வைத்தார். அப்பாவும் மகனும் ஜோடி போட்டு அண்டர்டேக்கரையே குப்புறக் கவிழ்ப்பார்கள். தெருவே கை தட்டும்.

2012-இல் மாமா தவறிவிட்டார். பெட்டி பரணுக்குப் போயிற்று. கார்டு லாக்கருக்குப் போயிற்று.

போன மாசம் ஒரு சனிக்கிழமை மாமா பையன் வந்து நின்றான். இப்போது மீசை வைத்த ஆள்.

"அத்தான், கப்பல்ல வேலை கெடைச்சிருச்சி. அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்புதேன்."

"சந்தோஷம் மாப்ள!"

"போறதுக்கு முன்னால அப்பாவ ஒருதடவை பாத்துட்டுப் போணும் அத்தான்."

"ஆல்பம் இருக்குல்லா?"

"அதுல அசைய மாட்டாங்கள்லா..."

இதற்கு என்ன பதில் சொல்வது? பரணில் ஏறினேன்.

* * *

பெட்டியைத் துடைத்து, டிவியில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டோம். பச்சை விளக்கு எரிந்தது. டிஸ்க்கைப் போட்டதும் "கர்ர்... கர்ர்..." என்று ஆஸ்துமாக்காரர் போல ரெண்டு தடவை இழுத்துவிட்டு நின்றுபோனது. அவ்வளவுதான்.

ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "லென்ஸ் அவுட்டு அண்ணாச்சி. இருபது வருசத்து லென்ஸு, அதுவும் நம்ம ஊரு உப்புக் காத்து. பார்ட்ஸ் தேடணும், ஒரு மாசம் ஆவும்" என்றார். இது நியாயம். கடலில் பாதி, உப்பளத்தில் பாதி என்று வாழ்கிற ஊரில் சைக்கிள் செயினே ரெண்டு வருஷம் தாங்குவதில்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் பகீர். "அந்தக் கார்டைக் குடுங்க, ஃபார்மேட் அடிச்சுப் பாப்போம்."

ஃபார்மேட்! என் மாமாவை! கார்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். விஷயம் கேள்விப்பட்ட அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "கார்டு இனிமே இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது."

ராத்திரி யோசித்தேன். போனது கண் மட்டும்தான். மூளை நன்றாக இருக்கிறது. டிஸ்க் வழியாகப் போக முடியாத ஆட்டத்தை, பின்வாசல் வழியாக, ஒரு பென்டிரைவில் வைத்து ஊட்டிவிட முடியாதா?

முடியும். அதற்குப் பெயர் ஹோம்ப்ரூ. வீட்டிலேயே காய்ச்சியது என்று அர்த்தம். (மதுவிலக்கு போலீஸ் தேடுகிற காய்ச்சல் இல்லை.) கம்பெனி அனுமதி கேட்காமல், ஆர்வலர்கள் தாங்களே எழுதிப் பெட்டிக்குள் ஓட விடுகிற புரோகிராம்கள்.

* * *

நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன். எதையும் கன்டெய்னர் பாஷையில் சொன்னால்தான் எனக்குப் புரியும். உங்களுக்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியை ஆன் செய்ததும் உள்ளே ஒரு கஸ்டம்ஸ் ஆபீஸர் எழுந்து உட்காருகிறார். வருகிற டிஸ்க்கையெல்லாம் "சீல் இருக்கா?" என்று பார்க்கிறார். கம்பெனி சீல் இருந்தால் உள்ளே. இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே.

ஆனால் டிஸ்க் பக்கம் திரும்புவதற்கு முன்னால் அவருக்கு ஒரு பழக்கம். மெமரி கார்டைத் திறந்து, "ஹெட் ஆபீஸ் சர்க்குலர் ஏதாவது வந்திருக்கா?" என்று பார்ப்பார். பெட்டியின் உள் புரோகிராமைப் பிற்பாடு புதுப்பிப்பதற்காக சோனி கம்பெனியே வைத்த வசதி இது. சர்க்குலர் இருந்தால் மறுபேச்சு இல்லாமல் முதலில் அதைத்தான் நிறைவேற்றுவார். நல்ல அரசு ஊழியர்!

2008-இல் வெளியான 'ஃப்ரீ மெக்பூட்' என்பது அந்த சர்க்குலர் வேஷத்தில் கார்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு புரோகிராம். பெட்டி விழித்தவுடன் அது முந்திக்கொண்டு ஒரு மெனுவைக் காட்டும். அங்கிருந்து 'யு லாஞ்ச் எல்ஃப்' என்ற இன்னொன்றைத் திறக்கலாம். அதுதான் லாஞ்சர். கார்டில் என்ன இருக்கிறது, பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். இங்கிருந்து அங்கே காப்பி செய்யும். எந்த ஹோம்ப்ரூ புரோகிராமைக் கைகாட்டினாலும் ஓடவிடும். நம் ஆபீஸ் பியூன் மாதிரி, அவர் இல்லாமல் ஒரு ஃபைலும் நகராது.

"அப்போ அதை டவுன்லோட் பண்ணிக் கார்டுல போட்டா முடிஞ்சதுல்லா அத்தான்?" என்றான் மாப்பிள்ளை.

முடியாது. அங்கேதான் சிக்கல். அந்தக் கார்டுகளில் 'மேஜிக்கேட்' என்று ஒரு பூட்டு. சர்க்குலரில் குத்துகிற முத்திரை கார்டுக்குக் கார்டு வேறு. ஒரு ப்ளேஸ்டேஷனுக்குள் கார்டைச் செருகி, அங்கேயே இன்ஸ்டாலர் புரோகிராமை ஓட்டி முத்திரை குத்தினால்தான் செல்லும். ஆனால் நம் பெட்டியில் இன்ஸ்டாலரை ஓட்டுவதற்கே முதலில் ஃப்ரீ மெக்பூட் வேண்டும்! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை.

இந்த முடிச்சை 2020-இல் சிடர்ட் என்ற புனைபெயர்க்காரர் அழகாக அவிழ்த்தார். பெட்டியில் சினிமா டிவிடி பார்க்க ஒரு ப்ளேயர் இருக்கிறதல்லவா? அதன் புரோகிராமில் ஓட்டை கண்டுபிடித்து, 'ஃப்ரீ டிவிடி பூட்' என்று ஒன்றை வெளியிட்டார். சாதாரண டிவிடியில் எழுதிப் போட்டால், பெட்டி படம் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு லாஞ்சரைத் திறந்துவிடும். எல்லா மாடலிலும் இல்லை, பிற்காலத்து மெலிசு மாடல்களில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் டிவிடியைப் படிக்க லென்ஸ் வேண்டும். நம்மிடம் இல்லாததே அதுதான்.

ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் ஒருத்தன் உதவினான். சென்னையில் இருக்கும் என் பழைய ரூம்மேட். 2020 லாக்டவுனில் எல்லாரும் டல்கோனா காபி கலக்கியபோது, அவன் தன் மெலிசு மாடலில் இந்த டிவிடியை ஓட்டிப் பார்த்தவன். போன் போட்டேன். அன்று ராத்திரியே வேறொரு கார்டில் ஃப்ரீ மெக்பூட் ஏற்றி, ஊருக்கு வந்த ஒரு நண்பர் கையில் கொடுத்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் அனுப்பிவிட்டான். கார்டு ஏசி கோச்சில் வந்தது. எனக்கே அந்த யோகம் வருஷத்துக்கு ஒருதடவைதான்.

இதில் பெரிய நிம்மதி, மாமாவின் கார்டில் நாங்கள் எதையும் ஏற்றவேண்டியதில்லை. புதுக் கார்டு முதல் ஸ்லாட்டில். மாமா இரண்டாவது ஸ்லாட்டில், பயணியாக.

* * *

அடுத்தது டிஸ்க். அதிலிருக்கும் ஆட்டத்தைப் பென்டிரைவுக்கு மாற்ற வேண்டும். இந்தக் காலத்தில் டிவிடி டிரைவ் யாரிடம் இருக்கிறது? கல்யாண ஸ்டூடியோக்காரரிடம்! நகரத்தில் இன்னும் தாலி கட்டுவதை டிவிடியில் கேட்கிற பெற்றோர் இருக்கிறார்கள். முதல் தடவை முக்கால்வாசியில் நின்றுவிட்டது. அண்ணாச்சி டிஸ்க்கை வாங்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி, மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து மறுபடி போட்டார். முழுசாக வந்தது. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "உங்க மாமா எனக்கு துபாய் பேட்டரி வாங்கித் தந்தவரு."

"இது திருட்டு இல்லையா ஸார்?" என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். உரிமையை மீறும் எண்ணத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் ரெண்டு வருஷம் வரை உள்ளே போகலாம், அபராதமும் உண்டு. எண்ணம் என்பதுதான் அங்கே முக்கியம். சட்டம் தடுக்காத காரியத்துக்காகச் செய்வதை அதே பிரிவு விட்டுவைக்கிறது. முறையாக வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராம் பாழாகிவிடாமல் இருக்க ஒரு பிரதி எடுத்து வைக்க 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. மாமா காசு கொடுத்து வாங்கிய டிஸ்க், மாமா வீட்டுப் பெட்டி. ஊரான் ஆட்டத்தை டவுன்லோட் செய்து ஐம்பது ரூபாய்க்கு விற்றால் அது வேறு கதை. சாவி ஒன்றுதான். நம் வீட்டைத் திறக்கிறோமா, பக்கத்து வீட்டையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, கம்பெனிகள் ஏன் பூட்டுப் போடுகின்றன? 1983-இல் அமெரிக்காவில் குப்பை ஆட்டங்கள் மலையாகக் குவிந்து, வீடியோ கேம் தொழிலே படுத்துவிட்டது. 1985-இல் அங்கே கடை விரித்த நிண்டெண்டோ, பெட்டிக்குள்ளே ஒரு காவல் சிப்பை வைத்தது. அனுமதி வாங்கிய ஆட்டம் மட்டும்தான் ஓடும். அதற்கு ராயல்டியும் கட்டவேண்டும். ஜப்பானில் 1983-இல் வந்த அதன் மூத்த மாடலில் அந்தச் சிப் கிடையாது. நாம் சின்ன வயசில் மரியோவும் கான்ட்ராவும் ஆடிய 'டிவி கேம்' பெட்டிகள் அந்த ஜப்பான் மாடலின் நகல்கள். அதனால்தான் '9999999 இன் 1' என்று எழுதிய கேசட் எல்லாம் அதில் ஓடியது. (உள்ளே இருந்தது நாலே ஆட்டம் என்பது தனிச் சோகம்.)

சோனியும் முழுக்கக் கதவை மூடிவிடவில்லை. 2002-இல் ப்ளேஸ்டேஷன் 2-இல் லினக்ஸ் ஓட்ட ஒரு கிட்டையே விற்றது. 2006-இல் வந்த ப்ளேஸ்டேஷன் 3-இலும் அந்த வசதி இருந்தது. ஆனால் 2010 ஏப்ரலில் ஒரு அப்டேட் அனுப்பி அதைப் பிடுங்கிக்கொண்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அமெரிக்காவில் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் கம்பெனி பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க்காரர் ஞாபகம் வந்தார். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக் கப்பல்தான். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கியதும் கப்பல் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அப்புறம்தான் பங்குகளைத் திரட்டி 'காலியா', 'லாவோ' என்று ரெண்டு கப்பல்களைச் சொந்தமாகக் கொண்டுவந்தார். வாடகைப் பொருள் எத்தனை நாள் கையில் இருந்தாலும் வாடகைப் பொருள்தான். நாம் வாங்கும் மிஷின்கள் நம் சொந்தமா, வாடகையா? பில் நம்மிடம் இருக்கிறது. சாவி யாரிடம்?

* * *

வியாழக்கிழமை ராத்திரி. விடிந்தால் பையன் ரயிலேறவேண்டும். அத்தை, அம்மா, ரெண்டு சித்தி, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று கல்யாணக் கூட்டம். ஒரு தட்டில் மக்ரூன்.

பெட்டியை ஆன் செய்தோம். புதுக் கார்டு தன் வேலையைக் காட்டியது. மெனு வந்தது! லாஞ்சரைத் திறந்து இரண்டாவது ஸ்லாட்டுக்குள் போனான் மாப்பிள்ளை. பட்டியலில் ஒரே ஒரு ஃபோல்டர்.

"இதா அத்தான்?"

"இதான்."

முதல் வேலையாக அதைப் பென்டிரைவில் ஒரு காப்பி. அப்புறம் மாமா கார்டிலிருந்து புதுக் கார்டுக்கு ஒரு காப்பி. கேட்க ஈஸி. ஆனால் அந்த மெனுவில் 'காப்பி', 'பேஸ்ட்' இருக்கிற அதே பட்டியலில்தான் 'டெலிட்'டும் இருக்கிறது. கன்ட்ரோலரோ பழசு. ஒரு தட்டு தட்டினால் ரெண்டு வரி இறங்கும்.

எங்கள் கடற்கரையில் முத்துக் குளிக்கிற காலத்தில் ஒரு வழக்கம் சொல்வார்கள். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே மைத்துனன்தான் பிடிப்பான். தங்கச்சி தாலி சம்பந்தப்பட்ட விஷயம், அவன்தான் கவனமாக இருப்பான் என்று கணக்கு. 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. கயிறு பிடிக்கிற உறவு நிற்கவில்லை. நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். "மெதுவா... ஒண்ணு மேல போ... அதுதான்... அமுக்கு."

வந்துவிட்டது.

அடுத்து 'ஓப்பன் பிஎஸ்2 லோடர்'. பென்டிரைவில் இருக்கும் ஆட்டத்தை, டிஸ்க்கில் இருப்பதாகப் பெட்டியை நம்பவைக்கும் புரோகிராம். திறந்தோம். பட்டியல் காலி! அத்தை மாதாவைக் கூப்பிட்டார். தப்பு என்னுடையது. பென்டிரைவை 'என்டிஎஃப்எஸ்' முறையில் ஃபார்மேட் செய்திருந்தேன். இது 'ஃபேட் 32' கேட்கிற ஜாதி. மறுபடி லேப்டாப், மறுபடி ஃபார்மேட், 'டிவிடி' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆட்டம். காப்பி ஆகிற நேரத்தில் மக்ரூன் தட்டு காலி.

பதினொன்றரைக்கு ஆட்டத்தின் பெயர் பட்டியலில் வந்தது. அமுக்கினான். திரை கறுப்பானது. கறுப்பாகவே இருந்தது. யாரும் மூச்சு விடவில்லை.

வந்தார்கள்! பெரிய பெரிய பயில்வான்கள் திரையில் குதித்தார்கள். பெட்டியின் யுஎஸ்பி வாசல் பழைய 1.1 வகை, வினாடிக்கு 12 மெகாபிட்தான் வேகம். அதனால் வீடியோ எல்லாம் விக்கி விக்கி வந்தது. யாருக்கு அதைப் பற்றிக் கவலை? வீரர்கள் பட்டியலில் கீழே, கீழே, இன்னும் கீழே...

'கப்பல் ராஜா'. அடுத்த வரியில் 'குட்டி ராஜா'.

மீசையை முறுக்கிக்கொண்டு, தோளை ஆட்டி ஆட்டி, கப்பல் டெக்கில் நடக்கிற மாதிரி மாமா நடந்து வந்தார். பக்கத்தில் இருபது வயசுப் பையன். மாமா 2006-இல் கற்பனை செய்த பையன். நான் திரும்பி நிஜப் பையனைப் பார்த்தேன். அவன் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டிருந்தான். ஆடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

யாராவது ஏதாவது பேசினால் எல்லாரும் அழுதுவிடுவோம் என்கிற நிலைமை.

அத்தைதான் பேசினார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரையை உற்றுப் பார்த்து, "மனுசன் பெரிய ஆளுதான். தனக்குத் தொப்பையே இல்லாமல்லா செஞ்சி வச்சிருக்காரு!"

வீடே சிரித்தது.

* * *

மறுநாள் ஸ்டேஷனில் வழியனுப்பிவிட்டு வந்தேன். அவன் பையில் ஒரு பென்டிரைவ், என் லேப்டாப்பில் ஒரு பிரதி. மாமாவின் கார்டு பழையபடி லாக்கரில், மாதா படத்துக்குப் பக்கத்தில்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் மூன்று விஷயம். ஒன்று, பெட்டியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைப் பாருங்கள். 90000 என்று தொடங்கும் கடைசி மாடல்களில் பலவற்றில் ஃப்ரீ மெக்பூட் வேலை செய்யாது, அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. இரண்டு, எதைச் செய்வதற்கு முன்னாலும் கார்டில் இருப்பதைக் காப்பி எடுங்கள். மூன்று, "ஃபார்மேட் அடிப்போமா?" என்று யாராவது ஆரம்பித்தால் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடுங்கள்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.